ஒருநாள் விட்டு ஒருநாள்

மூன்று மணிக்கு நெற்றிவிளக்கு.
களியலுக்கு மேலே முந்நூற்றி இருபது மரம்.
பதினாறு வருசமாய்ப் பால் வெட்டுகிறேன்.
எனக்க வலது முன்கை இடதைவிடத் தடிமன்,
வளையல்காரி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

எண்ணம் கூடவில்லை என்றாள் டாக்டர் பிள்ளை.
பிறந்தபோது இருந்த அதே இழைகள்தான்
வேலைக்குத் தக்கபடி பருத்திருக்கின்றன.
இழையின் தோலோரம்
குட்டிச் செல்கள் தூங்கிக் கிடக்குமாம்.
கீறல் விழுந்தால் முழித்து, இரண்டாய்ப் பிரியும்.
ஒன்று இழையோடு கலந்து தன்னைத் தொலைக்கும்.
மற்றது திரும்பிவந்து படுத்துக்கொள்ளும்,
அடுத்த கீறலுக்காக.

எனக்குத் தெரியாததா அது?
பட்டைக்கும் தடிக்கும் நடுவே
நகக்கண் அளவுகூட இல்லாத ஓர் ஈரம்.
அதைத் தொடாமல் வெட்டினால்
ஏழெட்டு வருசத்தில் புதுப்பட்டை மூடிவரும்.
கத்தி பட்டுவிட்டால்
முண்டும் முடிச்சுமாய் ஏதோ வளரும்.
பார்க்கப் பட்டைதான். பால் வராது.

அஜினுக்கு ஆறு நடக்கிறது.
கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு.
பால் அளக்கிற ரெத்தினதாஸ்
‘பந்து களிக்கிறவனுக்க காலுல்லா’ என்றபோது
கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.
தரையிலிருந்து எழும்ப
தன் தொடையையே பிடித்துப் பிடித்து
தன்மேலேயே ஏறுவான்.
‘நேரே எழும்புல’ என்று
முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன்.
ஒன்றல்ல.

ஆசாரிபள்ளத்தில் அவன் தொடையிலிருந்து
அரிசியளவு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்தார்கள்.
என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னாள்.
ரோஸ் நிறத்தில் வட்டங்கள்,
ஒன்று பெருத்து, ஒன்று சூம்பி,
இடையில் வெறும் நாரும் கொழுப்பும்.
சில வட்டங்களில் நீலப்பொட்டு
ஓரத்தில் நிற்காமல் நடுவில் நின்றது.
‘அதெல்லாம் பழுதுபார்த்த இழை, அம்மா.
இவன் உடம்பு சும்மா இருக்கவில்லை.’

இழையைத் தன் தோலோடு கட்டுகிற கயிறு,
அதைத் திரிக்கும் பாடம் மட்டும் இவனுக்கு விட்டுப்போயிருக்கிறது.
நடந்தால் கிழிகிறது.
படி இறங்கினால் இன்னும் கிழிகிறது.
தூங்கியவை எழுந்து தைக்கின்றன,
தைத்த இடம் மறுநாளே விடுகிறது,
தைக்கிறவைக்கும் ஒருநாள் கை ஓயும்.
‘கடுவெட்டு’ என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.
முறிக்கப்போகிற மரத்தில்
மேலும் கீழும், மருந்து தேய்த்து,
ஓய்வுநாள் இல்லாமல் எடுப்பது.
அவள் பேனாவை மூடினாள்.

மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்.
மழைக்கு பிளாஸ்டிக் பாவாடை.
இவன் காலுக்கு விடுமுறை கொடுக்கலாம்,
சக்கர நாற்காலிக்கு எழுதிப் போட்டிருக்கிறது.
மூச்சுக்கு எந்த நாளை விடுவது?
நெஞ்சுக்கு?

எனக்கும் ரத்தம் எடுத்தார்கள்.
என் செல்களில் பாதி கயிறு திரிக்கும்,
பாதிக்குத் தெரியாது.
மழைமாசத்தில் தொடையில் ஏறும் குரக்குவலி
வேலை அலுப்பு என்றுதான் இருந்தேன்.
மூத்தவள் ஷைனிக்கும் பார்க்கவேண்டுமாம்.
அந்தச் சீட்டு ரேஷன் கார்டுக்குள் இருக்கிறது.
அவளுக்கு இப்போது பரீட்சை.

ராத்திரி மாத்திரை கொடுத்தபிறகு
பாயில் கிடத்தி
உள்ளங்காலை முழங்கால் பக்கம் தள்ளி
முப்பது எண்ண வேண்டும்.
கன்னம் ஊதிய முகத்தோடு அவனே எண்ணுவான்.
பத்தொன்பது, இருபது, இருபத்தெட்டு, முப்பது.
‘மக்களே, நடுவில உள்ளதை எங்க விட்ட?’
சிரிப்பான்.
மறுபடி ஒன்றிலிருந்து.
வலதுகையை எடுத்துக்கொள்கிறேன்,
அது வெட்டி வெட்டிப் பழகியது, பலம் தெரியாது.
இடதுகையால் தள்ளுகிறேன்,
மெதுவாக,
தடியைத் தொடாமல்.